நறுமணமும் புலம்பெயர்வும்: டோர்செட் பார்க் தமிழ்ப் பெண்களின் மணப்பூச்சு வழக்கை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ப் பெண்கள் தம் உடலுக்கு மணமூட்டிக் கொண்ட முறைகள் சங்க காலம் முதல் இலக்கியங்களில் பதிவாகியுள்ளன. கூந்தலுக்கு அகிற்புகை, மார்புக்குச் சாந்தம், முடிக்கு மலர், விருந்தினருக்குப் பன்னீர் என்று அமைந்திருந்த அம்மரபு, கனடாவின் டொராண்டோ மாநகரில் ஸ்கார்பரோவைச் சேர்ந்த டோர்செட் பார்க் போன்ற குடியிருப்புகளில் கண்ணாடிப் புட்டியிலுள்ள 'சென்ட்' என்னும் வடிவில் தொடர்கிறது. இம்மாற்றத்தை மரபின் இழப்பு என்று மட்டும் மதிப்பிடுவது பொருந்தாது. மணம் யாருக்கு உரியது, அதைத் தேர்பவர் யார், எங்கு அது தடுக்கப்படுகிறது என்னும் மூன்று வினாக்களின் வழியே இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விரை, சாந்தம், அகில், பன்னீர், மணப்பூச்சு, கைம்மை, புலம்பெயர்வு, ஸ்கார்பரோ.

1. முன்னுரை

புலம்பெயர்ந்த தமிழரின் பண்பாட்டு வரலாறு பெரும்பாலும் கோயில், மொழிப்பள்ளி, இதழ், உணவு, நடனம் ஆகியவற்றின் துணைகொண்டே எழுதப்படுகிறது. இவை கண்ணாலும் காதாலும் நாவாலும் அறியப்படுபவை, ஆவணப்படுத்த எளியவை. மணத்துக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. பூசிய சில மணி நேரத்தில் அது காற்றில் கரைந்துவிடுகிறது. ஆயினும் மணம் ஒருவரின் தகுதி, திருமண நிலை, சமயம், ஊர் ஆகியவற்றை அறிவிக்கும் குறியாகத் தமிழ்ச் சமூகத்தில் நெடுங்காலம் இயங்கி வந்துள்ளது. ஆகவே ஒரு பெண் தனக்குப் பிடித்த மணத்தைத் தேர்ந்து பூசிக்கொள்வது என்னும் சிறு செயலுக்குப் பின்னும் நீண்ட வரலாறு உண்டு.

2. சொற்கள் காட்டும் வரலாறு

மணம் பற்றிய தமிழ்ச் சொற்கள் தாமே ஒரு வரலாற்றுச் சான்றாகும். 'நாற்றம்' என்னும் சொல் பழந்தமிழில் மணத்தைப் பொதுவாகவும், பெரும்பாலும் நறுமணத்தையும் குறித்தது. திருக்குறள் ஐம்புலன்களை அடுக்கும் இடத்தில் இச்சொல்லை ஆள்கிறது. தலைவியின் நலம் பாராட்டும் இடத்திலும், மொட்டுக்குள் அடங்கிய மணத்தை உவமையாக்கும் இடத்திலும் இதனையே ஆள்கிறது. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள், மாதவனின் வாயமுத மணத்தை வெண்சங்கிடம் வினவும்போது 'நாறு' என்னும் வினையையே பயன்படுத்துகிறாள். இன்றைய வழக்கில் இச்சொல் தீ நாற்றத்துக்கு மட்டுமே உரியதாகச் சுருங்கிவிட்டது. 

அவ்விடத்தை 'வாசனை' என்னும் வடசொல்லும் 'மணம்' என்னும் தமிழ்ச்சொல்லும் நிரப்பின. அரபு, பாரசீகத் தொடர்பால் 'அத்தர்', 'சவ்வாது' முதலியன வந்தன. ஆங்கிலத் தொடர்பால் 'சென்ட்' வந்தது. ஈழத்து எழுத்து வழக்கில் அது 'சென்ற்' ஆயிற்று. ஒவ்வொரு சொல்லும் ஒரு வணிகவழியின் தடம் எனலாம். அதே வேளையில் 'மணம்' என்னும் சொல் நறுமணத்தையும் திருமணத்தையும் ஒருங்கே குறிப்பது கருதத்தக்கது. பெண்ணின் நறுமணம் அவளது திருமண நிலையோடு பிணைக்கப்பட்டிருந்த சமூகத்தில் இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியிருப்பது வாழ்வியலோடும் இயைந்து நிற்கிறது.

3. கூந்தலும் புகையும் சாந்தும்

பழந்தமிழ்ப் பெண்ணின் மணமூட்டலில் முதன்மை பெற்ற உறுப்பு கூந்தல் ஆகும். குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தலைவியின் கூந்தலைவிட நறுமணம் உடைய பூ உண்டோ என்று வண்டிடம் வினவப்படுகிறது. இறையனார் பெயரிலமைந்த இப்பாடலைச் சூழ்ந்தே தருமிக்குப் பொற்கிழி அளித்த கதை வளர்ந்தது; பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் அதனை விரித்துரைத்தது; 1965-இல் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படம் அதனைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா, அன்றி மலராலும் சாந்தாலும் வந்த செயற்கை மணமா என்பதே அக்கதையின் வழக்கு. வழக்கை எழுப்பியவன் பாண்டியன், விடை சொன்னவர் இறைவன், மறுத்தவர் நக்கீரர். கூந்தலுக்கு உரிய அரசி அவ்வவையில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெண்ணின் மணத்தைப் பற்றிய முடிவைப் பெண்ணல்லாதவர் சொல்லும் இந்நிலை பிற்கால மரபுக்கும் பொருந்தும்.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடி ஒப்பனை செய்யும் பகுதி, மணக்கலையின் நுட்பத்தை விரிவாகக் காட்டுகிறது. பத்து வகைத் துவர்ப்பொருள்களும் ஐந்து வகை விரைகளும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகைகளும் ஊறிய நீரில் அவள் கூந்தல் கழுவப்படுகிறது. பின்னர்ப் புகையில் உலர்த்தப்படுகிறது. அதன்பின் கத்தூரிக் குழம்பு ஊட்டப்படுகிறது. கொட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்பன ஐந்து விரைகளாகக் கொள்ளப்படுவன. நீர், புகை, குழம்பு என மூன்று ஊடகங்களில் படிப்படியாக மணமேற்றும் இம்முறை, ஒன்றன்மேல் ஒன்றாக மணங்களை அடுக்கும் இன்றைய ஒப்பனை உத்தியோடு ஒப்பிடத்தக்கது. அதே காப்பியத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்து வீதிகளில் சுண்ணம், சாந்தம், பூ, புகைப்பொருள், விரை ஆகியவற்றை விற்போர் திரிந்ததைக் குறிக்கிறது. குடமலையில் பிறந்த ஆரமும் அகிலும் காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் குவிந்து கிடந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. 

அகில் பற்றி ஒரு விளக்கம் தேவை. இன்று உலகச் சந்தையில் 'ஊத்' என்னும் அரபுப் பெயரால் வழங்குவது, வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வளரும் அக்குயிலேரியா இன மரத்தில் பூஞ்சைத் தொற்றால் விளையும் பிசின் நிறைந்த வயிரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெள்ளகில் வேறு இனத்தைச் சார்ந்தது. எனவே இலக்கியங்களில் வரும் அகில் அனைத்தும் ஒரே மரத்தைக் குறிப்பதாகக் கொள்ளுதல் இயலாது.

குளிர்நாட்டுப் புலம்பெயர்வு பற்றிய ஆய்வுக்கு நெடுநல்வாடை தரும் சான்று சிறப்பானது. கூதிர்க் காலத்தில் வடநாட்டிலிருந்து வந்த சாந்தரைக்கும் வட்டக்கல்லும் தென்னாட்டுச் சந்தனமும் பயனின்றிக் கிடக்கின்றன. மகளிர் குளிர்ந்த மலர்களைக் கூந்தலில் மிகுதியாகச் சூடாது, தகர விறகில் நெருப்பிட்டு அகிலும் அயிரும் புகைக்கின்றனர். உடலைக் குளிர்விக்கும் சந்தனம் வெயில் காலத்துக்கு உரியது. வெம்மை தரும் புகை வாடைக்கு உரியது. பருவத்துக்கேற்ப மணத்தை மாற்றிக் கொள்வது தமிழ் மரபுக்குப் புதிதன்று என்பதை இது நிறுவுகிறது.

4. மணத்தின் இலக்கணம்: மங்கலமும் கைம்மையும்

தமிழ்ச் சமூகத்தில் மணம் தனிமனித விருப்பமாக மட்டும் இருந்ததில்லை. அது வழங்கப்படுவது, பெறப்படுவது, மறுக்கப்படுவது. தஞ்சைப் பெரிய கோயிலில் இறைவனின் திருமஞ்சன நீருக்கு மணமூட்ட ஏலவரிசியும் சண்பக மொட்டும் இலாமிச்சமும் வாங்க முதலீடு வைக்கப்பட்ட செய்தியை இராசராசன் காலக் கல்வெட்டுகள் தருகின்றன. தர்காக்களின் சந்தனக்கூடு விழாவில் சந்தனமே விழாவின் நடுப்பொருள். திருமண வீட்டு வாயிலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கும்பாவும் குங்குமச் சிமிழும் வைத்து வரவேற்பது தமிழகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பொதுவான வழக்கு. இங்கெல்லாம் மணம் ஒரு கூட்டத்தை ஒன்றாக்குகிறது. வந்தவர் அனைவரும் ஒரே மணத்தைப் பெற்று அமர்கின்றனர்.

ஆனால் இந்த 'அனைவரும்' என்பதற்கு விலக்கு உண்டு. புறநானூறு கணவனை இழந்த பெண்களைக் 'கழிகல மகளிர்' எனக் குறிக்கிறது. அணி களைதலோடு பூவும் சாந்தும் களையப்பட்டன. இவ்விலக்கு இருபதாம் நூற்றாண்டு வரையிலும் பல குடும்பங்களில் நீடித்தது. சில இடங்களில் இன்றும் முற்றாக நீங்கவில்லை. பன்னீர்ச் செம்பை ஏந்தும் பெண் கைம்பெண்ணாக இருத்தல் கூடாது என்பது எழுதாச் சட்டம். கணவன் இறந்த மறுநாள் முதல் ஒரு பெண்ணிடமிருந்து நிறத்தோடு மணமும் பறிக்கப்பட்டது. இதனைக் கருதாது தமிழ்ப் பெண்ணின் பூச்சூடலையும் சந்தனப் பூச்சையும் அழகியலாக மட்டும் போற்றுவது வரலாற்றின் பாதியை மறைப்பதாகும்.

ஈழத்துப் போர் இவ்வினாவைக் கூர்மையாக்கியது. போர்க்காலத்தில் கணவரை இழந்தோரும், கணவர் காணாமலாக்கப்பட்டோரும் பல்லாயிரவர். காணாமலாக்கப்பட்டவரின் மனைவி பூச்சூடலாமா, குங்குமம் இடலாமா என்பதற்கு மரபில் தெளிந்த விடை இல்லை. கைம்பெண் என்று அவள் தன்னை ஏற்பின் கணவன் இறந்தான் என்று ஒப்புக்கொண்டதாகும். மங்கலக் குறிகளைத் தொடரின் ஊரார் பார்வைக்கு விடை சொல்ல வேண்டியதாகும். புலம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் இந்நிலையையும் சுமந்தே வந்தன.

5. அத்தரிலிருந்து புட்டிக்கு

கன்னோசி நகரத்து வடிப்பு முறையில் மலரின் ஆவி சந்தன எண்ணெயில் பிடிக்கப்பட்டு அத்தராகிறது. எண்ணெயை ஊடகமாகக் கொண்ட இம்மணம் தோலின்மீது நெடுநேரம் தங்கும். ஐரோப்பிய முறையில் மதுசாரம் ஊடகமாயிற்று. மதுசாரம் விரைந்து ஆவியாவதால் மணம் தெளித்த கணத்திலேயே பரவுகிறது. 1868-இல் வில்லியம் பெர்கின் கூமரினைச் செயற்கையாக ஆக்கியதும், அதனைத் தொடர்ந்த வேதியியல் வளர்ச்சியும் மணத்தைத் தோட்டத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு சென்றன. 1921-இல் எர்னஸ்ட் போ உருவாக்கிய 'சனேல் எண் 5' மலர்ச் சாற்றையும் ஆல்டிகைடுகளையும் இணைத்துப் புகழ்பெற்றது.

தமிழ் வீடுகளுக்கு இம்மரபு முதலில் மருந்தாகவும் பவுடராகவும் நுழைந்தது. கொலோன் நகரின் பெயர்தாங்கிய 'ஓடிக்கொலோன்' யாழ்ப்பாண வீடுகளில் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் இடப்பட்டது. குட்டிகூரா, பாண்ட்ஸ் முதலிய முகப்பவுடர்கள் அன்றாட ஒப்பனையாயின. 'சென்ட்' மட்டும் நீண்டகாலம் ஆடம்பரமாகவே கருதப்பட்டது. அதனைப் பூசும் மணமாகாத பெண்ணை ஐயத்தோடு நோக்கும் மனப்பான்மையும் இருந்தது. வெளிநாடு சென்றவர் திரும்பும்போது பெட்டியில் கொண்டுவரும் பரிசாகவே பெரும்பாலோர்க்கு அது அறிமுகமாயிற்று.

எதிர்த்திசையிலும் ஒரு போக்குவரத்து நிகழ்ந்தது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி உட்பட, தமிழகத்தில் விளையும் குண்டு மல்லிகையிலிருந்து எடுக்கப்படும் சாறு உலக மணத்தொழிலுக்கு ஏற்றுமதியாகிறது. 'சம்பாக்' மல்லிகை என்று புட்டியின் விளக்கத்தில் காணப்படும் பெயர் இம்மலரையே குறிக்கும். 2002-இல் ஈவ் சான் லோரான் நிறுவனம் வெளியிட்ட 'எம்7' என்னும் ஆண்களுக்கான மணப்பூச்சுக்குப் பிறகு 'ஊத்' மேலைச் சந்தையில் பரவியது. ஆக, மாதவியின் ஒப்பனை அறையில் இருந்த பொருள்களுக்கு உறவான பொருள்கள், வேற்றுப் பெயர் தாங்கித் தமிழ்ப் பெண்ணிடமே விற்பனைக்கு வருகின்றன.

6. டோர்செட் பார்க்: இடமும் மக்களும்

டோர்செட் பார்க், ஸ்கார்பரோவின் மேற்குப் பகுதியில், 401 ஆம் எண் நெடுஞ்சாலைக்குத் தெற்கே, கென்னடி சாலையையும் எல்ஸ்மியர் சாலையையும் ஒட்டி அமைந்த குடியிருப்பு ஆகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950-களில், வேளாண் நிலங்கள் புறநகர் மனைகளாக மாறியபோது இப்பகுதி உருவாயிற்று. தனி வீடுகளோடு பின்னர் உயர்ந்த வாடகை அடுக்ககங்களும் எழுந்தன. 1998-இல் ஸ்கார்பரோ டொராண்டோ மாநகரோடு இணைக்கப்பட்டது. 2005-இல் மாநகராட்சி தேர்ந்தெடுத்த 13 முன்னுரிமைக் குடியிருப்புகளுள் டோர்செட் பார்க்கும் ஒன்று. சமூகப் பணிகள் போதாமையே அத்தேர்வுக்கு அடிப்படை.

1983 ஜூலை வன்முறைக்குப் பின் ஈழத்தமிழர் கனடாவுக்குப் பெருமளவில் வந்தனர். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்ட நிகழ்வு அவ்வருகையின் அடையாளமாக நினைவுகூரப்படுகிறது. 2016 கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் கனடாவில் 1,40,000-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் டொராண்டோப் பெரும்பகுதியில் வாழ்கின்றனர். ஸ்கார்பரோ அவர்களின் முதன்மைக் குடியேற்ற இடங்களுள் ஒன்று. டோர்செட் பார்க்கில் தமிழ், மாண்டரின், தகலோக் எனப் பல மொழிகள் அருகருகே ஒலிக்கின்றன.

மணப்பொருள் பெறும் வாயில்களும் இங்கு அருகருகே அமைந்தன. தமிழ்ப் பலசரக்குக் கடையில் சந்தனப் பொடி, சவ்வாது, பன்னீர், ஊதுபத்தி; மேற்காசிய, இசுலாமியக் கடைகளில் மதுசாரம் கலவாத அத்தர்; மருந்துக்கடையில் நடுத்தர விலைப் புட்டிகள். எல்ஸ்மியர் நிலையத்திலிருந்து 1985-இல் தொடங்கிய ஸ்கார்பரோ இலகு தொடர்வண்டியில் ஏறினால் இரண்டாம் நிறுத்தம் ஸ்கார்பரோ டவுன் சென்டர். 1973-இல் திறக்கப்பட்ட அவ்வணிக வளாகத்தின் பேரங்காடிகளில் மணப்பூச்சுக்கெனத் தனி முகப்புகள் இருந்தன. அத்தொடர்வண்டி 2023 ஜூலையில் நின்றது. ஹட்சன்ஸ் பே பேரங்காடிகள் 2025-இல் நாடு முழுவதும் மூடப்பட்டன. ஒரு தலைமுறைப் புலம்பெயர் பெண்கள் விலை கொடாது மணங்களை முகர்ந்து பழகிய இடங்களுள் ஒன்று இவ்வாறு மறைந்தது.

7. தேர்தலும் பூசுதலும்

மணப்பூச்சைத் தேர்தல் ஒரு பயிற்சி. காகிதக் கீற்றில் தெளித்து முகர்வது முதற்படி. தெளித்தவுடன் எழுவது எலுமிச்சை போன்ற இலகுவான தலைமணம். அது சில நிமிடங்களில் அகலும். அதன்பின் மல்லிகை, ரோசா முதலிய இடைமணம் தோன்றும். சந்தனம், அகில், கத்தூரி வகை அடிமணம் மணிக்கணக்கில் நிற்கும். காகிதம் தோலாகாது. மணிக்கட்டில் பூசி, உடற்சூட்டில் அது எவ்வாறு விரிகிறது என்று அரை மணி நேரமேனும் காத்திருத்தல் வேண்டும். கண்ணைக் கவரும் புட்டியும் முதல் முகர்வும் ஏமாற்றக் கூடியவை. அடிமணமே பெண்ணோடு நாள் முழுவதும் வாழப் போவது.

தட்பவெப்பம் இத்தேர்வை மாற்றுகிறது. வெப்பநாட்டில் ஆவியாதல் விரைவு. சிறிது பூசினாலும் பரவும். டொராண்டோவின் உறைபனிக் காலத்தில் மணம் தோலிலேயே அடங்கிக் கிடக்கும். வெப்பமூட்டிய அறையின் உலர்காற்றில் வறண்ட தோல் மணத்தை நெடுநேரம் தாங்காது. எண்ணெயோ களிம்போ பூசிய தோலில் மணம் நிலைக்கும் என்பது இன்றைய ஒப்பனை வல்லுநர் கூறும் அறிவுரை. நெய்யூட்டிய கூந்தலில் விரை ஏற்றிய பழமரபு அறிந்திருந்ததும் இதுவே. வாடையில் சாந்தைத் துறந்து புகையை நாடிய நெடுநல்வாடை மகளிரைப் போல, குளிர்காலத்துக்கு அகிலும் வெண்ணிலாவும் சார்ந்த கனத்த மணங்களும் கோடைக்கு மலரும் பழமும் சார்ந்த இலகு மணங்களும் தேரப்படுகின்றன.

மணப்பூச்சு ஒரு காப்பாகவும் பயன்படுகிறது. சன்னல்கள் மூடிய அடுக்ககத்தில் தாளிதத்தின் மணம் தடித்த குளிரங்கியில் தங்கிவிடும். வீட்டில் பசியைத் தூண்டும் அதே மணம், பேருந்திலும் வகுப்பறையிலும் பணியிடத்திலும் குடியேறியவரை இழிவுபடுத்தும் சொல்லுக்குக் காரணமாகியுள்ளது. தெற்காசியரின் உணவு மணத்தைப் பழிப்பது வட அமெரிக்க இனவெறுப்பின் பழகிய வடிவங்களுள் ஒன்று. அங்கியைச் சமையலறைக்கு அப்பால் தொங்கவிடுவதும், புறப்படும் முன் மணப்பூச்சு தெளிப்பதும் அழகுணர்வால் மட்டும் விளைந்த பழக்கங்கள் அல்ல.

இவற்றினும் ஆழமான மாற்றம் ஒன்று உண்டு. பூவும் குங்குமமும் பெண்ணின் திருமண நிலையை அறிவிக்கும். புட்டியிலுள்ள மணம் அறிவிக்காது. கன்னி, மனைவி, மணமுறிவு பெற்றவள், கைம்பெண், காணாமலாக்கப்பட்டவனுக்காகக் காத்திருப்பவள் எனும் ஐவரும் ஒரே மணத்தைப் பூசலாம். அம்மணத்துக்கு மரபில் விதி இல்லை. ஆதலால் விலக்கும் இல்லை. மல்லிகைச் சரம் சூட இயலாத பெண், மல்லிகைச் சாறு கலந்த மணப்பூச்சை மணிக்கட்டில் இட்டுக்கொள்ளும்போது, மங்கலத்தின் இலக்கணத்தை எவரோடும் வாதிடாமலே கடந்துவிடுகிறாள். கண்ணுக்குப் புலப்படாமையே மணத்தின் வலிமையாகிறது.

8. மணம் விலக்கிய இடங்கள்

புதிய நாட்டில் புதிய விலக்கும் எழுந்தது. கனடாவின் பல மருத்துவமனைகளும் அலுவலகங்களும் மணமற்ற இடக் கொள்கையைப் பின்பற்றுகின்றன. ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி, சூழல் ஒவ்வாமை உடையோரைக் காப்பதே அதன் நோக்கம். கனேடிய மனித உரிமை ஆணையம் 2007-இல் சூழல் ஒவ்வாமையை மாற்றுத்திறன் நிலையாக ஏற்கும் கொள்கையை வெளியிட்டது. 2024-இல் திருத்தப்பட்ட ஒப்பனைப் பொருள் ஒழுங்குவிதிகள், ஒவ்வாமை தரக்கூடிய மணக்கூறுகளைப் பெயர் சுட்டி வெளிப்படுத்தப் படிப்படியாக வகை செய்கின்றன.

இக்கொள்கையின் நியாயம் மறுக்கத்தக்கதன்று. மூச்சுவிடும் உரிமை மணம்பூசும் விருப்பினும் முந்தியது. ஆயினும் முதியோர் பராமரிப்பிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரியும் புலம்பெயர் பெண்களே இவ்விதிக்கு நாள்தோறும் உட்படுவோர். உணவு மணத்துக்காகப் பழிக்கப்படும் அச்சமும், அதனை மறைக்கும் மணப்பூச்சுக்குத் தடையும் அவர்களை ஒருங்கே நெருக்குகின்றன. கைம்மை விலக்கு பெண்ணின் நிலையைத் தண்டித்தது. இவ்விலக்கு பிறர் நலம் கருதியது, பணிநேரத்தோடு முடிவது. இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் பிழை. எனினும், மணமற்ற இடம் யாருடைய மணத்தை 'மணமின்மை' எனக் கொள்கிறது, யாருடையதை மணமென்று குறிக்கிறது என்னும் வினா, கொள்கையை நடைமுறைப்படுத்துவோர் மறக்கலாகாத ஒன்று. இவ்விதியால் மணப்பூச்சு வேலைநாளிலிருந்து விலகி, கோயில், திருமண மண்டபம், அரங்கேற்றம் ஆகிய கூடுகைகளுக்கு நகர்கிறது. தனி விருப்பமாக மாறிய மணம் மீண்டும் கூட்டத்துக்குரியதாகிறது. மண்டப வாயிலில் பன்னீர்ச் செம்பும் பிரெஞ்சு மணப்பூச்சும் ஒரே பெண்ணின்மீது கலக்கின்றன.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன புலனாகின்றன. ஒன்று, பருவமும் ஊடகமும் அறிந்து மணத்தை அடுக்கும் அறிவு தமிழ் மரபில் தொன்மையானது. குளிர்நாட்டு வாழ்வு அதற்குப் புதிய களத்தைத் தந்தது. இரண்டு, சந்தனமும் அகிலும் மல்லிகையும் பெயர்மாறிப் புட்டியில் திரும்பியதால் பொருள் அளவில் தொடர்ச்சி முற்றாக அறவில்லை. மூன்று, அறுந்தது மணத்துக்கும் திருமண நிலைக்கும் இருந்த கட்டு. அதனை மரபின் இழப்பாகக் கொள்வதினும் பெண்ணின் பேறாகக் கொள்வதே பொருத்தம்.

டொராண்டோப் பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகம் தமிழ் இருக்கைக்கும் தமிழ் எண்ணிம ஆவணங்களுக்கும் இடமளித்துள்ள இக்காலத்தில், இந்நுண்வரலாறும் தொகுக்கப்படல் வேண்டும். வெற்றுப் புட்டிகள், கடை விளம்பரங்கள், பன்னீர்ச் செம்புகள் ஆகியவற்றோடு முதல் தலைமுறைப் பெண்களின் வாய்மொழியும் சேர்தல் வேண்டும்; அவர்கள் முதுமை எய்தியுள்ளதால் இப்பணி காலத்தாழ்வைத் தாங்காது. தருமியின் வழக்கில் வாய் திறவாதிருந்த அரசியின் இடத்தில், டோர்செட் பார்க்கின் பெண் தன் மணிக்கட்டைத் தானே முகர்ந்து, வேண்டும் அல்லது வேண்டா என்று தானே முடிவு செய்கிறாள். அம்முடிவுக்குரிய காரணங்களை அவள் சொல்லாகவே பதிவு செய்தல் தமிழியல் ஆய்வின் கடமையாகும்.